வரியும் பிரஜையும் – 14: முதல் ரிட்டர்ன் யார் கையால்?

சென்ற இதழில், 1860ஆம் வருஷம் ஜேம்ஸ் வில்சன் என்ற நிதி அங்கத்தினர் கல்கத்தாவில் வருமான வரியைக் கொண்டு வந்ததையும், சென்னை ராஜதானியின் கவர்னராக இருந்த சார்லஸ் டிரவெலியன் அந்த வரியை எதிர்த்துத் தாம் எழுதிய ஆட்சேபக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியாகும்படி செய்து, அதன் காரணமாகவே பதவியிலிருந்து திருப்பி அழைக்கப்பட்டதையும் பார்த்தோம். அந்த இரண்டு ஆங்கிலேயர்களும் வாதிட்ட விஷயம், வரியை விதிப்பதா வேண்டாமா என்பது. அந்த விவகாரம் வெகுகாலத்துக்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஆயினும், வரி செலுத்த வேண்டிய மனிதருக்கு அது இன்னதென்று யார், எந்த வயதில், எந்த மொழியில் கற்றுக் கொடுப்பது என்ற கேள்வி ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் நம் முன்னே தீராமல் நிற்கிறது. இந்த வாரம் அந்தக் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன்.

2024ஆம் வருஷம் ஜூலை 31ஆம் தேதி வரை தாக்கலான ரிட்டர்ன்கள் 7.28 கோடிக்கு மேல் என்றும், அவற்றுள் 58.57 லட்சம் முதன்முறையாகத் தாக்கல் செய்தவர்களுடையவை என்றும் வருமான வரித் துறை அறிவித்தது. படிப்பை முடித்து முதல் உத்தியோகத்தில் அமர்ந்தவர்களும், வீட்டிலிருந்தபடியே கணினியில் வேலை செய்து சம்பாதிக்கத் தொடங்கியவர்களும் இந்த 58 லட்சத்தில் ஏராளமாக இருப்பார்கள் என்பது எளிதில் ஊகிக்கத் தக்கது. எண்ணிக்கையைக் கேட்கும்போது மகிழ்ச்சி உண்டாகிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியோடு ஒரு விசாரமும் உடன் எழுகிறது. அந்த ரிட்டர்ன்களில் எத்தனை, உரியவருடைய கையாலேயே, உரியவருடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் கொண்டு, உரியவர் அதன் ஒவ்வொரு வரியையும் படித்துப் பார்த்துத் தாக்கலானவை?

ஓர் இளைஞரோ இளம்பெண்ணோ வாழ்க்கையில் தாக்கல் செய்யும் முதல் ரிட்டர்னைத் தாமே செய்து முடிக்கும்படி அவரைத் தயார் செய்வதுதான் வரிக் கல்வியின் முதற் கடமை என்பதும், பள்ளிப் பாடமும் விளையாட்டும் குறும்படமும் கைப்பேசிச் செய்தியும் அந்த ஒரு காரியத்துக்குத் துணை நிற்கும் அளவுக்கே பயனுடையவை என்பதும் என்னுடைய உறுதியான அபிப்பிராயம். இதை நான் வெறும் கொள்கை நோக்கில் சொல்லவில்லை. அண்மையில் நடந்த சம்பவங்களே என்னை இந்த முடிவுக்குக் கொண்டு வந்தன.

2025ஆம் வருஷம் ஜூலை 14ஆம் தேதி வருமான வரித் துறையினர் நாட்டின் பல மாநிலங்களில் 150 இடங்களில் சோதனை நடத்தினார்கள். தமிழ்நாடும் அவற்றுள் ஒன்று. சோதிக்கப்பட்டவர்கள் பெரிய முதலாளிகளோ ஏற்றுமதி வியாபாரிகளோ அல்லர். பிறருக்காக ரிட்டர்ன் தாக்கல் செய்து கொடுக்கும் இடைத்தரகர்கள். கொடுக்காத வீட்டு வாடகை, அரசியல் கட்சிக்கு அளிக்காத நன்கொடை, வாங்காத கல்விக் கடனுக்கு வட்டி, எடுக்காத மருத்துவக் காப்பீடு என்று இல்லாத கழிவுகளையெல்லாம் எழுதி, பிடித்தம் செய்யப்பட்ட வரியை ரீஃபண்டாகத் திரும்பப் பெற்றுக் கொடுத்துத் தங்களுக்குக் கமிஷன் வாங்கிக்கொள்வது அவர்கள் தொழில். அவர்களிடம் போனவர்களில் பன்னாட்டு நிறுவனங்களின் ஊழியர்களும், பொதுத்துறை ஊழியர்களும், கல்வி நிலையங்களில் பணி புரிவோரும் இருந்தார்கள். அதற்கு முந்திய நான்கு மாதங்களில் மட்டும் சுமார் 40,000 பேர் தங்கள் ரிட்டர்னைத் திருத்தி, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்யான கழிவுகளைத் தாங்களாகவே விலக்கிக்கொண்டதாகத் துறை தெரிவித்தது.

அந்த அறிவிப்பில் ஒரு சிறு விவரம் இருந்தது. இந்த இடைத்தரகர்களில் பலர், மொத்தம் மொத்தமாக ரிட்டர்ன் தாக்கல் செய்வதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, தாக்கல் முடிந்ததும் அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள்; ஆகையால் துறை அனுப்பும் நோட்டீசுகள் படிக்க ஆளில்லாத முகவரிகளுக்குப் போய்க் கிடக்கின்றன. இதை வாசகர்கள் சற்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். இளைஞர்களை எட்டுவதற்காக எத்தனை கோடிச் செய்திகளை அரசாங்கம் அனுப்பினாலும், அந்தச் செய்தி சென்று சேரும் முகவரி இளைஞருடையதாக இல்லாதபோது, செய்தியின் அழகும் மொழியும் நோக்கமும் என்ன செய்ய முடியும்? “ஆபீஸில் எல்லோரும் அவரிடம்தான் கொடுக்கிறார்கள் அண்ணா, போன வருஷம் எனக்கும் ரீஃபண்டு வந்தது” என்று ஒரு பையன் நம்பிக்கையோடு சொல்லும்போது, தன் பெயரால் ஒரு பொய் வாக்குமூலம் கையொப்பமாகியிருப்பதை அவன் அறியான். சட்டத்தின் பார்வையில் அந்த ரிட்டர்னுக்கு உத்தரவாதி இடைத்தரகர் அல்லர், அவன்தான். வரியும் வட்டியும் அபராதமும் அவன் தலையிலேயே விழும். வஞ்சிக்க வேண்டும் என்ற எண்ணம் சிறிதும் இல்லாத ஒருவன், கற்பிக்கப்படாத காரணத்தினால் மட்டும் வஞ்சகர் வரிசையில் நிற்க நேர்வது பரிதாபமான விஷயம்.

நம் பள்ளிக்கூடங்கள் இதைப் பற்றி ஒன்றுமே சொல்வதில்லை என்று கூறிவிட முடியாது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலில் ‘அரசாங்கமும் வரிகளும்’ என்றொரு பாடமே இருக்கிறது. நேர்முக வரி, மறைமுக வரி, வளர்வீத வரி, கறுப்புப் பணம், வரி ஏய்ப்பு ஆகியவற்றின் இலக்கணங்களை மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறார்கள். அந்தப் பாடத்தைக் குறை கூறுவது என் கருத்தன்று. பதினைந்து வயதுக்கு அது தகுந்த பாடந்தான். ஆனால் அந்த வயதுக்கும், இருபத்திரண்டாம் வயதில் முதற் சம்பளச் சீட்டில், பிடித்துக்கொண்ட வரியைக் குறிக்கும் ‘டி.டி.எஸ்.’ என்ற மூன்றெழுத்தைக் காணும் நாளுக்கும் நடுவே, பெரும்பாலோருக்கு வரியைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பொறியியலும் நர்ஸிங்கும் பிசியோதெரபியும் படிப்பவர்கள், தங்கள் தொழிலின் நுணுக்கங்களையெல்லாம் கற்று, அந்தத் தொழிலால் வரும் வருமானத்தின் கணக்கை மட்டும் கற்காமல் வெளியே வருகிறார்கள். மாணவர்களுக்குத் தொழில் திறன் பயிற்சி அளிப்பதற்காக 2022ஆம் வருஷம் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில், ரிட்டர்ன் தாக்கல் செய்யும் பயிற்சிக்கு ஒரு முழு நாளை ஒதுக்கினால், அதைவிடப் பயனுள்ள நாள் அந்தத் திட்டத்தில் அதிகம் இராது.

மத்திய அரசாங்கமும் தன் அளவில் முயன்றிருக்கிறது. 2022ஆம் வருஷம் ஜூன் 11ஆம் தேதி கோவாவின் பணஜி நகரில் நிதி மந்திரி நிர்மலா சீதாராமன், வரி அறிவைக் குழந்தைகளிடையே பரப்புவதற்காக வருமான வரித் துறை தயாரித்த விளையாட்டுச் சாதனங்களை வெளியிட்டார். நல்ல நிதிப் பழக்கத்துக்கு ஏணியும் தீய பழக்கத்துக்குப் பாம்பும் வைத்த பலகை விளையாட்டு ஒன்று, வரிப் பணத்தால் எழும் கட்டுமானங்களை நினைவூட்டும் அட்டை விளையாட்டு ஒன்று, மோட்டு பட்லு என்ற பிரசித்தமான பாத்திரங்கள் வரும் படக் கதைகள் என்று பலவகை. ஏகாதசி இரவில் பரமபதம் ஆடி வளர்ந்த நம் வீடுகளுக்குப் பாம்பும் ஏணியுமாக நீதி சொல்வது பழகிய வழியேயாதலால், அந்த முயற்சியை நான் மனமாரப் பாராட்டுகிறேன். எட்டு வயதுக் குழந்தைக்கு அதுவே போதும். ஆனால் அந்தக் குழந்தை வளர்ந்து வருமானம் ஈட்டும்போது, விளையாட்டில் கற்ற நல்லெண்ணத்தைச் செயலாக்கும் வழியை வேறொருவர் காட்டியாக வேண்டும். அந்த இரண்டாவது படியில்தான் நம் பிரயத்தனம் மெலிந்து கிடக்கிறது.

ஜப்பான் தேசத்து உதாரணம் இங்கே கவனிக்கத் தக்கது. வரி செலுத்துவது ஜனங்களின் கடமை என்பதை அந்நாட்டு அரசியல் சாஸனத்தின் 30ஆம் விதி சொல்லுகிறது. வரி அதிகாரிகளும், அங்கீகாரம் பெற்ற வரிக் கணக்காளர்களும் பள்ளிகளுக்கு நேரில் சென்று வகுப்பு எடுப்பது அங்கே நெடுங்கால வழக்கம். அந்த வகுப்புகளில் பத்துக் கோடி யென் நோட்டுக்கட்டின் மாதிரி ஒன்றை, அசல் எடையான பத்துக் கிலோவில் செய்து கொண்டுவந்து, குழந்தைகளைத் தூக்கிப் பார்க்கச் சொல்கிறார்கள். ஒரு பள்ளியைக் கட்ட இப்படி எத்தனை கட்டுகள் வேண்டும் என்ற கேள்வி அதன் பின் வருகிறது. கோடி என்ற சொல் வெறும் சொல்லாக நில்லாமல் கைகளில் கனக்கும் பொருளாக ஆகிவிடுகிறது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் வரியைப் பற்றிக் கட்டுரை எழுதும் போட்டியும் வருஷந்தோறும் நடக்கிறது. ஆனால் அங்கே மாதச் சம்பளக்காரர்களில் பெரும்பாலோர் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டுவதில்லை. வேலை கொடுத்தவரே வருஷ முடிவில் கணக்கைச் சரிசெய்து தீர்த்துவிடுகிறார். ஆகையால் நல்லெண்ணத்தை வளர்ப்பதோடு அவர்கள் கல்வி நின்றாலும் பெரிய நஷ்டம் இல்லை. ஒவ்வொருவரும் தாமே முன்வந்து கணக்குச் சொல்ல வேண்டிய நம் நாட்டில் அவ்வளவோடு நிற்பது போதாது.

நமக்கு அதிகமாகப் பொருந்துவது அமெரிக்க முறை என்று நினைக்கிறேன். குறைந்த வருமானமுள்ளவர்களுக்குத் தொண்டர்கள் கட்டணமின்றி ரிட்டர்ன் தயாரித்துக் கொடுக்கும் ‘வீட்டா’ என்ற திட்டம் அங்கே அரை நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வருகிறது. அதன் ஆரம்ப காலத்திலேயே கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் பகுதியிலுள்ள பல்கலைக்கழக மாணவர்கள் அதில் முன்னணியில் நின்றார்கள். தொண்டர் வரித்துறை நடத்தும் தேர்வில் தேறிய பிறகே பிறருடைய கணக்கைத் தொடலாம் என்பது விதி. பிறருக்கு உதவுவதற்காகக் கற்றுக்கொள்ளும் மாணவர், தம் கணக்கைப் பிறர் கையில் கொடுக்க மாட்டார் அல்லவா? நம் நாட்டிலும் 2006ஆம் வருஷத்தில் பட்டதாரி இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சிறு வருமானக்காரர்களுக்கு ரிட்டர்ன் தயாரிக்கும் உதவியாளர்களாக நியமிக்கும் திட்டம் ஒன்று கொண்டுவரப்பட்டது. யோசனை நல்ல யோசனைதான். அதைக் கல்லூரிகளோடு இணைத்து, நாட்டு நலப்பணித் திட்டத்தில் சாலை செப்பனிடுவதும் ரத்த தானம் செய்வதும் போல இதையும் ஒரு தொண்டாக ஏற்று, வணிகவியல் மாணவர்கள் ஜூலை மாதத்தில் தங்கள் ஊர் நூலகத்தில் அமர்ந்து அக்கம்பக்கத்தாருக்கு வழிகாட்டினால், ஒரே வருஷத்தில் இரண்டு தரப்பாரும் கற்றுக்கொள்வார்கள்.

இனிக் கற்றுக் கொடுக்க வேண்டியது எது என்பதைப் பார்ப்போம். இந்த இடத்தில்தான் பிரசாரத்துக்கும் கல்விக்கும் உள்ள பேதம் விளங்கும். ‘தேசத்தைக் கட்டுவோம், வரியைச் செலுத்துவோம்’ என்ற வாசகம் பிரசாரம். ‘உன் பணம் ஏற்கெனவே அரசாங்கத்திடம் இருக்கிறது, அதைக் கேட்டு வாங்கும் வழி இது’ என்பது கல்வி. தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மாதம் 30,000 ரூபாய் கட்டணத்துக்குப் பணியாற்றும் ஓர் இளம் பிசியோதெரபிஸ்டை எண்ணிக்கொள்வோம். அவரைச் சம்பள ஊழியராகக் கொள்ளாமல் ஆலோசகர் என்று கணக்கில் வைத்திருப்பதால், ஆஸ்பத்திரி நூற்றுக்குப் பத்து வீதம் வரி பிடித்துக்கொண்டு மாதம் 27,000 மட்டும் கொடுக்கிறது. வருஷத்தில் அவர் வருமானம் 3,60,000 ரூபாய். பிடித்தம் 36,000 ரூபாய். புதிய வரி முறையில் 2025–26ஆம் நிதியாண்டு முதல் 4 லட்சம் ரூபாய் வரை வரியே இல்லையாதலால், அந்த 36,000 ரூபாயும் முழுக்க அவருடையது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் வரும், செய்யாவிட்டால் வராது. வீட்டில் அப்பா, “உனக்குத்தான் டாக்ஸ் கட்டுகிற வருமானமே இல்லையே, எதற்கம்மா இந்தச் சிரமம்?” என்பார். அன்பினால் சொல்லும் அந்த வார்த்தை மகளுக்கு ஒரு மாத வருமானத்தை விட அதிகமாக நஷ்டம் உண்டாக்கிவிடுகிறது.

அதே போல, 12 லட்சம் வரை வரி இல்லை என்ற செய்தியை ரீல்ஸில் கேட்ட இளைஞர்கள், அதுவரை ரிட்டர்னும் வேண்டாம் என்று பொருள் கொண்டுவிட்டார்கள். உண்மை வேறு. 4 லட்சத்தைக் கடந்தாலே ரிட்டர்ன் தாக்கல் செய்தாக வேண்டும். 12 லட்சம் வரை தீர்மானமாகும் வரியைச் சட்டம் தள்ளுபடி செய்கிறது, அவ்வளவுதான். அந்தத் தள்ளுபடியும் எல்லா வருமானத்துக்கும் கிடையாது. கிரிப்டோ நாணயத்தில் ஒரு கல்லூரி மாணவர் 10,000 ரூபாய் லாபம் அடைந்தால், அவருக்கு வேறு வருமானம் ஒரு பைசாவும் இல்லாவிட்டாலும், நூற்றுக்கு முப்பது வீதம் வரியும் அதன் மேல் நான்கு வீதம் செஸ்ஸும் சேர்த்து 3,120 ரூபாய் செலுத்த வேண்டும். ஒரு நாணயத்தில் வந்த நஷ்டத்தை இன்னொரு நாணயத்தின் லாபத்தில் கழிக்கவும் இடமில்லை. 2022 ஏப்ரல் முதல் இதுதான் சட்டம். நாணயம் வாங்கத் தூண்டும் விளம்பரங்கள் இளைஞர்களின் கைப்பேசியில் இரவு பகலாக ஒளிர்ந்த அளவுக்கு இந்தச் சட்டம் ஒளிர்ந்ததில்லை.

பங்குச் சந்தையில் ‘எஃப் அண்ட் ஓ’ எனப்படும் முன்பேர வியாபாரத்தைப் பற்றி, சந்தைக் கட்டுப்பாட்டு வாரியமான ‘செபி’ 2024ஆம் வருஷம் செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது மனம் மிகவும் வருந்தியது. மூன்று வருஷங்களில் அதில் ஈடுபட்ட தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே வருஷத்தில் நூற்றுக்கு 31லிருந்து 43 ஆக உயர்ந்தது. நஷ்டப்பட்ட பணத்தை ஒருவரும் திருப்பித் தர முடியாது. ஆயினும் சட்டம் ஒரு சிறிய ஆறுதலை வைத்திருக்கிறது: அந்த நஷ்டத்தை உரிய காலத்துக்குள் ரிட்டர்னில் காட்டியவர், அடுத்த எட்டு வருஷங்களில் வரும் வியாபார லாபத்தில் அதைக் கழித்துக்கொள்ளலாம். நஷ்டத்துக்கு ரிட்டர்ன் எதற்கு என்று வாளா இருந்துவிட்டவர் அந்த உரிமையை இழந்துவிடுகிறார். வெட்கத்தால் வீட்டில் சொல்லாமல் மறைத்த நஷ்டம், ரிட்டர்னிலும் மறைந்து, இரட்டை நஷ்டமாகிறது. இதை ஒரு நிமிஷக் காணொளியில் தமிழில் தெளிவாகச் சொல்லிவிடலாம். டிஜிட்டல் பிரசாரம் என்பதற்கு இத்தகைய விஷயங்களே பொருளாக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

கருவிகள் நம்மிடம் இல்லாமல் இல்லை. 2021ஆம் வருஷம் நவம்பர் முதல், ஒருவருடைய சம்பளம், வங்கி வட்டி, பங்கு விற்பனை, பிடித்தமான வரி எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் வருடாந்திரத் தகவல் அறிக்கை இணையதளத்தில் கிடைக்கிறது. ஏ.ஐ.எஸ். என்று சொல்லும் அந்த அறிக்கையில் பிழை இருந்தால், பிழை என்று அங்கேயே பதில் எழுதவும் இடம் உண்டு. வரிக் கல்வியின் முதல் வகுப்பை நான் நடத்துவதானால், கரும்பலகையில் ஒன்றும் எழுத மாட்டேன். ஒவ்வொரு மாணவரையும் தம் பான் எண்ணைக் கொண்டு இணையதளத்தில் நுழைந்து தம்முடைய ஏ.ஐ.எஸ்.ஐத் திறந்து பார்க்கச் சொல்வேன். அரசாங்கம் தன்னைப் பற்றி என்ன அறிந்திருக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட இளைஞருக்கு ஒளிப்பதில் அர்த்தமில்லை என்பது விளங்கும். அந்தக் கணக்கில் தவறு இருந்தால் மறுக்கலாம் என்பதும் விளங்கும். பயமும் தைரியமும் ஒருங்கே உண்டாவது பிரஜைக்கு நல்லது. அதன் பிறகு ரிட்டர்னைத் தாக்கல் செய்வது, முப்பது நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் அதை உறுதி செய்வது, ரீஃபண்டு வர வேண்டிய வங்கிக் கணக்கை முன்கூட்டியே சரிபார்த்து வைப்பது ஆகிய மூன்றையும் ஒரு பிற்பகலில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இரண்டாவதை மறந்து, தாக்கல் செய்த ரிட்டர்ன் செல்லாததாகிப் போனவர்கள் நம்மிடையே அநேகர்.

நயமாக எடுத்துச் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள் என்பதற்கும் நல்ல அத்தாட்சி இருக்கிறது. வெளிநாட்டுச் சொத்தும் வருமானமும் உள்ளவர்களாகத் தகவல் கிடைத்தவர்களுக்கு, 2024ஆம் வருஷம் நவம்பரில், உடனே நோட்டீஸ் அனுப்பாமல், ‘உங்கள் ரிட்டர்னை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்’ என்று குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் துறை அனுப்பியது. அந்த இயக்கத்தின் பயனாக 24,678 பேர் தங்கள் ரிட்டர்னை மறுபரிசீலனை செய்தார்கள். 29,208 கோடி ரூபாய் மதிப்புள்ள வெளிநாட்டுச் சொத்துகள் கணக்குக்கு வந்தன. அமெரிக்கக் கம்பெனிகளின் சென்னைக் கிளைகளில் பணி புரிந்து, சம்பளத்தோடு தாய்க் கம்பெனியின் பங்குகளையும் பெறும் இளம் ஊழியர்கள், அவற்றை வெளிநாட்டுச் சொத்தாகக் காட்ட வேண்டும் என்பதைப் பெரும்பாலும் அறிவதில்லை. அத்தகையவரைக் குற்றவாளியாகப் பாவிக்காமல் நண்பராகப் பாவித்து நினைவூட்டுவது சிறந்த ராஜநீதி.

ஆனால் இத்தகைய செய்திகளுக்கு ஒரு சத்துரு உண்டு. ‘உங்களுக்கு ரீஃபண்டு அனுமதிக்கப்பட்டிருக்கிறது, இந்த இணைப்பைத் தொடுங்கள்’ என்று மோசக்காரர்களும் அதே தொனியில், அதே இலச்சினையோடு செய்தி அனுப்புகிறார்கள். உண்மைச் செய்தியைப் பொய் என்று ஒதுக்குபவரும், பொய்ச் செய்தியை உண்மை என்று நம்பிப் பணத்தைப் பறிகொடுப்பவரும் ஒரே வகுப்பில் படித்தவர்களாக இருக்கிறார்கள். 2019 அக்டோபர் 1 முதல் துறையிலிருந்து வரும் கடிதங்களுக்கும் உத்தரவுகளுக்கும் டி.ஐ.என். என்ற அடையாள எண் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த எண்ணை இணையதளத்தில் இட்டு, நோட்டீஸ் மெய்யா என்று எவரும் பார்த்துக்கொள்ளலாம். வங்கி அட்டையின் ரகசிய எண்ணையோ கடவுச்சொல்லையோ துறை ஒருபோதும் மின்னஞ்சலில் கேட்பதில்லை. இந்த இரண்டு விஷயங்களையும் கற்றுத் தராமல் செய்திகளின் எண்ணிக்கையை மட்டும் பெருக்குவது மோசக்காரர்களுக்கே துணை செய்வதாகும்.

இதுவரை சொன்னவை, இளைஞர் அரசாங்கத்துக்குக் கணக்குச் சொல்வதைப் பற்றியவை. அரசாங்கம் இளைஞருக்குக் கணக்குச் சொல்வதும் வரிக் கல்வியில் சேர்ந்ததே. 2024ஆம் வருஷம் கென்யா நாட்டில் ரொட்டிக்கு நூற்றுக்கு 16 வீதம் வரி முதலான பிரேரணைகளைக் கொண்ட நிதி மசோதா வந்தபோது, அந்நாட்டு இளைஞர்கள் மசோதாவைத் தாங்களே படித்து, தங்கள் மொழிகளில் சிறு காணொளிகளாக விளக்கி, நாடெங்கும் பரப்பினார்கள். எந்த அரசாங்கமும் நடத்தியிராத பெரிய வரி வகுப்பு அது. வீதியில் இறங்கிய கிளர்ச்சியில் உயிர்ச் சேதம் நேர்ந்தது துக்ககரமானது. ஜூன் 26ஆம் தேதி ஜனாதிபதி ரூட்டோ மசோதாவில் கையெழுத்திட மறுத்துவிட்டார். வரியை இளைஞர்கள் புரிந்துகொள்ள மாட்டார்கள் என்று எண்ணுவோர் இந்தச் சம்பவத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ள வேண்டும். தங்கள் பணம் எங்கே போகிறது என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு எந்தச் சட்டமும் கடினமானதன்று.

நம் நாட்டிலும் பட்ஜெட்டோடு வெளியாகும் ஒரு படம் உண்டு. அரசாங்கத்துக்கு வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 2025–26 மதிப்பீட்டின்படி 22 காசு வருமான வரியிலிருந்தும், 18 காசு ஜி.எஸ்.டி. முதலியவற்றிலிருந்தும், 17 காசு கம்பெனிகளின் வரியிலிருந்தும், 24 காசு கடனிலிருந்தும் வருகின்றன. போகும் ரூபாயில் 22 காசு மாநிலங்களின் பங்காகவும், 20 காசு வட்டியாகவும், 8 காசு ராணுவத்துக்கும் செல்கின்றன. அந்த மாநிலப் பங்கில் தமிழ்நாட்டுக்குச் சுமார் நான்கு சதவீதமே கிடைப்பது ஏன் என்று திருநெல்வேலி மாணவி ஒருத்தி எழுந்து கேட்டால், ஆசிரியர் அந்தக் கேள்வியை அடக்கலாகாது. நிதிக் குழு என்றால் என்ன, ஜனத்தொகையும் வருமான வித்தியாசமும் அதன் கணக்கில் எப்படி வருகின்றன என்று விளக்க அதைவிட நல்ல சமயம் வாய்க்காது. ஆஸ்திரேலியாவில் 2014 முதல், வரி மதிப்பீட்டு உத்தரவோடு, ஒருவர் செலுத்திய வரி வைத்தியத்துக்கு இவ்வளவு, கல்விக்கு இவ்வளவு, பாதுகாப்புக்கு இவ்வளவு என்று பிரித்துக் காட்டும் ரசீது ஒன்று வழங்குகிறார்கள். நம் துறை ஒவ்வொரு ரிட்டர்னுக்கும் அனுப்பும் மின்னஞ்சலில் இத்தகைய ஒரு பக்கத்தைத் தமிழில் சேர்ப்பதற்குப் புதிய இயந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

1961ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பதிலாக வந்துள்ள புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்டு 21ஆம் தேதி ஜனாதிபதியின் சம்மதம் பெற்றது. 2026 ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அமலாகும்படி இயற்றப்பட்டது. 819 பிரிவுகள் இருந்த இடத்தில் 536 பிரிவுகள். சம்பாதித்த வருஷம் ஒன்று, மதிப்பிடும் வருஷம் ஒன்று என்று இரண்டு வருஷங்களைச் சொல்லிப் புதியவர்களைத் திகைக்க வைத்த ஏற்பாடும் நீங்கிவிட்டது. ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் கற்கத் தொடங்குவதற்கு இது ஏற்ற தருணம்.

தவறவிட்டவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. வரி பாக்கி வைத்த ஒருவர், காலம் கடந்த பிறகும் ‘புதுப்பித்த ரிட்டர்ன்’ ஒன்றைத் தாக்கல் செய்து கணக்கைத் தீர்க்கலாம். அதற்கான அவகாசம் 2025ஆம் வருஷத்து நிதிச் சட்டத்தால் இரண்டு வருஷத்திலிருந்து நான்கு வருஷமாக நீட்டப்பட்டிருக்கிறது. தாமதத்துக்கு ஏற்ப, வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் நூற்றுக்கு 25 முதல் 70 வரை கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆனால் அந்த வழி, அரசாங்கத்துக்குக் கொடுக்க வேண்டியவர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது. அரசாங்கத்திடமிருந்து பெற வேண்டியவர், மேலே சொன்ன பிசியோதெரபிஸ்டைப் போல 36,000 ரூபாயைக் கேட்க மறந்தவர், அந்த வழியே நுழைய முடியாது. தாமதத்தை மன்னிக்கும்படி காரணம் காட்டி வருமான வரி உயர் அதிகாரிக்கு அவர் தனியே விண்ணப்பம் செய்ய வேண்டும். அதற்கு ஐந்து வருஷ வரம்பு உண்டு. கொடுப்பதற்கு ஒரு படிவமும் வாங்குவதற்கு ஒரு மனுவும் என்ற இந்த ஏற்றத்தாழ்வு, முதன்முதலாக ரிட்டர்ன் தாக்கல் செய்யும் சிறு வருமானக்காரர்களையே அதிகமாகப் பாதிக்கிறது. குறிப்பிட்ட தொகைக்குட்பட்ட ரீஃபண்டுகளுக்காவது இதை நீக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. அது நீங்கும் வரை அந்த மனுவை எழுதத்தான் வேண்டும். அதில் என்னென்ன காரணங்கள் ஏற்கப்படுகின்றன, எந்தெந்தக் காகிதங்களை இணைக்க வேண்டும் என்பதை அடுத்த இதழில் விவரிக்கிறேன்.